கிறிப்பில் விழுந்தவர்களுக்கு அடுத்த அட்டை எது?

தவணை தவறியவர்கள் மீண்டும் வங்கி வாசலுக்குப் போகும் காலம் இது. எந்தக் கடனட்டையை வாங்குவது, எதை வேண்டாம் என்பது, எப்போது பேசாமல் இருப்பது?

2022 ஆகஸ்டில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று அளந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இரண்டு தரம் போய்வந்தால் அது தீர்ந்துவிடும். பிறகு வண்டி முற்றத்தில் நிற்கும். லீசிங் தவணைத் திகதி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு தவணை தவறிய ஓட்டோக்காரர்கள், கடை வாடகையைக் கடனட்டையில் சமாளித்துப் பார்த்த சிறு கடைக்காரர்கள், உடன்பிறந்தவருக்குப் பிணைக் கையெழுத்து வைத்து மாட்டிக்கொண்ட ஆசிரியர்கள் என்று குடாநாட்டில் இல்லாத ஊர் இல்லை. அவர்களில் பலர் பழைய கடனைக் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனாலும் புதிதாக ஒன்று கேட்டுப் போனால், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பதில் மாறவில்லை: "உங்களுக்குக் கிறிப்பில ஒரு பிரச்சினை காட்டுது."

அந்த வசனத்தோடு எழுந்து வந்துவிடுபவர்கள் ஒரு வகை. ஆஸ்பத்திரி வீதியிலுள்ள அடுத்த வங்கிக்கும், அதற்கு அடுத்ததுக்கும் விண்ணப்பம் கொடுத்துப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாலும் பயனில்லை. கெட்டுப்போன கடன் பெயரைத் திருத்த வழி உண்டு. அது மெதுவான வழி. அதில் கடனட்டைக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் விளம்பரத் துண்டுப்பிரசுரம் காட்டும் இடம் அதுவல்ல.

கிறிப் செய்வதும் செய்யாததும்

ஊரார் கிறிப் என்று சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தெற்காசியாவில் இப்படி அமைந்த முதல் பணியகம் இதுவே. வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் தாங்கள் கொடுத்த கடன்களின் விவரத்தை அங்கே அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால் அங்கிருந்து அவருடைய அறிக்கையை எடுத்துப் பார்க்கின்றன.

அதில் என்ன இருக்கும்? உங்கள் பெயரிலுள்ள கடன்கள், அட்டைகள், அவற்றின் எல்லை, நிலுவை, எத்தனை நாள் பிந்தியது என்ற வரலாறு, திரும்பிய காசோலைகள், நீங்கள் பிணை நின்ற கடன்கள், எந்தெந்த நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்தது என்ற பட்டியல். இவற்றை வைத்து 250க்கும் 900க்கும் இடையில் ஒரு புள்ளியும் கணிக்கப்படுகிறது.

பணியகத்திடம் "கறுப்புப் பட்டியல்" என்று ஒன்று கிடையாது. ஒருவருக்குக் கடன் கொடு, கொடுக்காதே என்று அது சொல்வதுமில்லை. கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்த வங்கியின் முடிவு. ஒரு வங்கி மறுத்த அதே அறிக்கையை வைத்து இன்னொரு வங்கி சம்மதிக்கலாம். "கிறிப்பில் பெயர் இருக்கிறது" என்று வெட்கப்படவும் தேவையில்லை. ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது.

ஊருக்குத் தெரிந்தது, கோப்புக்குத் தெரியாதது

சட்டம் வந்த அதே 1990இன் ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. தென்னிலங்கையில் வங்கிக் கடனும் அட்டையும் பரவிக்கொண்டிருந்த ஏறத்தாழ இருபது வருடங்களில் குடாநாடு இடம்பெயர்வுக்கும் பொருளாதாரத் தடைக்கும் மூடிய ஏ9 வீதிக்கும் இடையில் கிடந்தது. 2009இல் போர் முடிந்து பாதை திறந்த பிறகு, தெற்கிலிருந்து வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கிளைமேல் கிளை திறந்தன. மோட்டார்சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம், தொலைக்காட்சி என்று எல்லாம் தவணைக்குக் கிடைத்தன. ஒரு தலைமுறைக்குக் கடன் கோப்பு திறக்கப்பட்டதே அப்போதுதான். பலருடைய கோப்பில் முதற்பக்கத்திலேயே கறை விழுந்தது.

அதனால் இங்குள்ளவர்களுக்குக் கடன் ஒழுங்கு தெரியாது என்று சொல்பவர் யாழ்ப்பாணத்தை அறியாதவர். ஒற்றி, ஈடு, கடன் பற்றிய வழமைகள் ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே இருக்கின்றன. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது அதை இறுகப் பற்றிக்கொண்ட பகுதிகளில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1929இல் யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி எழுந்தது. நாடகம் பார்க்க நாம் போகும் வீரசிங்கம் மண்டபம், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் கூட்டுறவு இயக்கத் தலைவராகவும் இருந்த வீ. வீரசிங்கத்தின் பெயரில்தான் நிற்கிறது. சிக்கன கடனுதவுச் சங்கத்தில் கடன் கேட்பவரின் தோட்டம் எது, அவர் குடிப்பாரா, சென்ற போகத்தில் வெங்காயம் என்ன விலை போனது என்பதெல்லாம் கடன் கொடுக்கும் குழுவுக்கே தெரியும். சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு யார் மாதம் பிறக்க முதலே காசு கொண்டுவருவார், யாரைத் தேடிப் போகவேண்டும் என்பது மனப்பாடம்.

இந்த அறிவு எதுவும் கொழும்பிலுள்ள கோப்புக்குப் போவதில்லை. இருபது வருடம் ஒரு சீட்டுத் தவணைகூடத் தவறாதவர், சங்கக் கடனை நாளுக்கு முன்பே கட்டியவர், கிறிப் அறிக்கையில் வெறுந்தாளாகவே தெரிவார். 2022இல் நான்கு மாதம் பிந்திய ஒரு லீசிங் மட்டும் அந்தத் தாளில் இருந்தால், அவருடைய முழு வாழ்க்கையும் அந்த நான்கு மாதம்தான்.

நுண்கடன் இதைவிடக் கசப்பான கதை. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து வசூலித்த கம்பனிகளிடம், ஒன்றைக் கட்ட இன்னொன்று என்று எடுத்துப் பெண்கள் சிக்கினார்கள். 2018இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தார். வருட வட்டிக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் பேசப்பட்டது. 35 வீதம் நிவாரணமாகத் தெரிந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடன் பெயரைத் திருத்துவது என்றால் அந்தக் கோப்பில் புதிய, நல்ல வரிகளை எழுதுவதுதான். கடனட்டை அதற்கு வசதியான பேனா. மாதம் ஒரு வரி தானாக விழும், எல்லை சிறிதாக இருக்கலாம், ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லை. அட்டையைக் கையில் காசாகப் பார்ப்பவருக்கு ஒரு அட்டை பொருந்தும். பதிவுக்கான கருவியாகப் பார்ப்பவருக்கு வேறொன்று பொருந்தும். பெயரைத் திருத்த நினைப்பவர் இந்த இரண்டாவது கண்ணால்தான் அட்டைகளைப் பார்க்கவேண்டும்.

முதலில் அறிக்கை, பிறகு அட்டை

எந்த வங்கிக்கும் போகமுதல் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். தேசிய அடையாள அட்டையைக் கொண்டு, வங்கிக் கிளை ஊடாகவோ பணியகத்திடம் இணையம் வழியாகவோ ஒரு கட்டணம் கட்டிப் பெறலாம். பார்க்கவேண்டியவை நான்கு.

முதலாவது, கட்டி முடித்த கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா? கம்பனி பழைய நிலுவையை இன்னும் காட்டிக்கொண்டிருந்தால், கடன் தீர்ந்த கடிதத்தைக் காட்டித் திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள். பணியகம் தானாக எதையும் மாற்றாது. தரவை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்பவேண்டும். கடிதம் கையில் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.

இரண்டாவது, நீங்கள் பிணை நின்ற கடன்கள். மச்சானின் லீசிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, அது பிந்துகிறதா என்பது உங்கள் அறிக்கையிலும் தெரியும். அரசாங்க உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்கும் ஊரில், ஆசிரியர் வீடுகளில் இது பெரிய சிக்கல். உறவுக்காக வைத்த கையெழுத்து உங்கள் வீட்டுக் கடனைத் தடுத்துவிடலாம்.

மூன்றாவது, விசாரணைகளின் பட்டியல். ஒரு மாதத்துக்குள் ஐந்து நிறுவனங்கள் விசாரித்திருந்தால், ஆறாவது அதிகாரி அதைப் பணத்துக்கு அலைபவரின் தடயமாகவே வாசிப்பார். ஒருவர் மறுத்தால் உடனே அடுத்தவரிடம் ஓடக்கூடாது என்பது இதனால்தான்.

நான்காவது, இன்னும் நிலுவை ஏதும் இருக்கிறதா? இருந்தால் புதிய அட்டையைப் பற்றிய பேச்சே வேண்டாம். கையில் வரும் காசு முதலில் அங்கே போகட்டும். வட்டியைக் குறைத்து ஒரே தடவையில் முடிக்கலாம் என்று கம்பனி சொன்னால் அந்த வாக்கை எழுத்தில் வாங்குங்கள். முடிந்த பிறகு கோப்பில் அது எப்படிப் பதியப்படும் என்பதையும் முன்பே கேளுங்கள்.

வைப்பின் பேரில் ஓர் அட்டை

அறிக்கை சுத்தமாகி, பழைய கறை மட்டும் வரலாறாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பொருத்தமானது நிலையான வைப்பின் பேரில் கொடுக்கும் கடனட்டை. இலங்கையின் பல வங்கிகளில் இது உண்டு. நீங்கள் ஒரு தொகையை நிலையான வைப்பில் போடுகிறீர்கள். வங்கி அதைப் பிணையாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை எல்லையாகக் கொண்ட அட்டையைத் தருகிறது. வைப்புக்கு வழமையான வட்டி உங்களுக்கு வந்துகொண்டேயிருக்கும்.

இது குடாநாட்டுக்கு ஏன் பொருந்துகிறது? சாதாரண அட்டைக்குச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். சுன்னாகத்தில் மரக்கறி வியாபாரம் செய்பவரிடமோ, வேலணையில் வலை இழுப்பவரிடமோ அது இல்லை. ரொறன்ரோவிலிருந்து அண்ணா அனுப்பும் காசை எல்லா வங்கியும் உங்கள் வருமானமாகக் கணக்கெடுப்பதில்லை. காணியைப் பிணை வைப்பதிலும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: தேசவழமை பொருந்தும் மணமான பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியைக்கூடக் கணவரின் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்க முடியாது. கணவர் காணாமல் ஆக்கப்பட்டோ, பிரிந்தோ, வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய சுவர் என்பதைப் பிரதேச செயலகங்களில் அலைந்தவர்கள் அறிவார்கள். வைப்பின் பேரில் வரும் அட்டைக்குச் சம்பளச் சீட்டின் பாரமும் பிணையாளியின் கையெழுத்தும் பெரும்பாலும் தேவைப்படாது. பெண் தன் பெயரில், தன் காசில் தொடங்கலாம்.

நகையை அடைவு வைப்பது நமக்குப் பழகிய வழி. கஸ்தூரியார் வீதியில் வாங்கியது தெருமுனை வங்கியில் போய் உறங்கும். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அடைவில் வங்கி நம்புவது பவுனை, உங்களை அல்ல. உங்கள் ஒழுங்கைக் காட்ட அங்கே இடம் குறைவு.

வைப்பு அட்டை கேட்டுப் போனால் மேசையில் கேட்கவேண்டிய கேள்விகள்: வருடக் கட்டணம் எவ்வளவு, முதல் வருடம் மட்டும்தான் இலவசமா? பிந்தினால் கட்டணம் என்ன? வட்டியில்லாக் காலம் எத்தனை நாள்? இந்த அட்டை மற்ற அட்டைகளைப் போலவே கிறிப்புக்கு மாதாமாதம் அறிவிக்கப்படுமா? எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டினால் வைப்பை விடுவிப்பீர்கள்? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அடுத்த வங்கியில் கேட்கலாம். கேட்பதற்கு விண்ணப்பம் தேவையில்லை. விண்ணப்பிக்காதவரை விசாரணைப் பட்டியலில் பெயர் ஏறாது.

குறைந்தபட்சத் தொகை என்னும் பொறி

2023 ஆகஸ்டில் மத்திய வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தபோது அடைவுக் கடனுக்கு 18 வீதம், முன்னேற்பாட்டு மேலதிகப்பற்றுக்கு 23 வீதம், கடனட்டைக்கு 28 வீதம் என்று வைத்தது. மூன்றிலும் மிக விலையான கடன் அட்டைக் கடன் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. அதே 28 வீதத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அட்டையில் 1 இலட்சம் ரூபாய் நிலுவை. இனி எதுவும் வாங்கவில்லை. மாதக் கூற்றில் காட்டும் குறைந்தபட்சத் தொகை 5 வீதம் என்று வைத்து, அதை மட்டும் தவறாமல் கட்டுகிறீர்கள். பன்னிரண்டு மாதத்தில் கையிலிருந்து போவது ஏறத்தாழ 52,800 ரூபாய். அதன் பிறகும் நிலுவை 71,000 ரூபாய்க்கு மேல். கட்டியதில் ஏறத்தாழ 24,000 ரூபாய் வட்டி. கோப்பில் "பிந்தவில்லை" என்று நல்ல வரி விழும். வீட்டுக் கணக்கில் ஓட்டை விழும். அட்டையில் காசாக எடுத்தால் இன்னும் மோசம்: எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

பதிவை எழுத வட்டி கட்டத் தேவையில்லை. முழுத்தொகையையும் திகதிக்குள் கட்டினால் அதே நல்ல வரி இலவசமாகவே விழுகிறது.

ஒரு வருட ஒழுங்கு

அட்டை கைக்கு வந்த பிறகு ஒரேயொரு வேலை கொடுங்கள். மாதாமாதம் எப்படியும் கட்டும் ஒரு செலவு: மின்சாரக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம், அம்மாவின் மருந்து. எல்லையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். எல்லைக்கு முட்டமுட்டப் பாவிப்பவரை, ஒழுங்காகக் கட்டினாலும், நெருக்கடியில் இருப்பவராகவே கடன் கொடுப்பவர்கள் பார்ப்பார்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து முழு நிலுவையும் தானாகக் கழியும்படி நிலையியற் கட்டளை கொடுத்துவிடுங்கள். கோயில் திருவிழாவும் கலியாண வீடும் வரும் ஆவணி மாதத்தில் ஞாபகமறதியால் கோப்பில் ஒரு கறை விழவேண்டியதில்லை.

அந்தக் கணக்குக்குக் காசு வருவதும் கண்ணுக்குத் தெரியட்டும். 2021இலும் 2022இலும் வங்கி நாணயமாற்று விகிதத்துக்கும் வெளிவிலைக்கும் இடைவெளி கூடியதால் வெளிநாட்டுக் காசு உண்டியல் வழியே போனது. நாட்டுக்கு உத்தியோகபூர்வமாக வந்த தொகை 2020இல் 710 கோடி டொலரிலிருந்து 2022இல் 380 கோடி டொலருக்கு இறங்கியது. அன்று உண்டியல் இலாபமாக இருந்திருக்கலாம். ஆனால் உண்டியலில் வந்த காசுக்குச் சாட்சி இல்லை. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது, மாதாமாதம் கணக்கில் விழுந்த தொகைதான் உங்களுக்காகப் பேசும்.

எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும்? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டையே, பிணைமுறிகளை மாற்றி முடித்த பிறகு 2024 டிசம்பரில்தான் ஃபிட்ச் தரப்படுத்தல் நிறுவனம் மேலே ஏற்றியது. அதுவும் சிசிசி பிளஸ் என்னும் தாழ்ந்த தரத்துக்கு. தனிமனிதருக்கு அவ்வளவு தேவையில்லாமல் இருக்கலாம்; ஆனால் ஒரு வருடத்துக்குக் குறைந்த ஒழுங்கை எந்தக் கடன் அதிகாரியும் ஒழுங்காக எடுப்பதில்லை.

வேண்டாம் என்று சொல்லவேண்டியவை

• "கிறிப்பை அழித்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்த இடைத்தரகர் தேவையில்லை.

• வட்டியில்லாத் தவணை என்று கடையில் காட்டும் குளிர்சாதனப் பெட்டி. தவணை ஓடும் காலம் முழுவதும் உங்கள் எல்லையை அது தின்றுகொண்டிருக்கும்.

• எல்லையைக் கூட்டித் தருகிறோம் என்று வரும் தொலைபேசி அழைப்பு. முதல் வருடத்தில் அது உங்களுக்குத் தேவையில்லை.

• பிள்ளைக்கோ தங்கைக்கோ இணை அட்டை. செலவு அவர்களுடையது, கடன் உங்களுடையது.

• கோப்பு ஆறிவரும் காலத்தில் இன்னொருவருக்குப் பிணைக் கையெழுத்து. மறுப்பது கடினம்தான். அறிக்கையை எடுத்துக் காட்டிவிட்டால் உறவுக்கும் புரியும்.

வங்கியோடோ நிதிக் கம்பனியோடோ பிணக்கு ஏற்பட்டால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியை வைத்திருங்கள். தீர்வு வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி யார் பொறுப்பு?

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால் ஒருவர் தன் சொந்தக் காசை வைப்பில் பூட்டி, தான் நம்பிக்கையானவர் என்று புதிதாக நிரூபிக்கவேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அவர் நம்பிக்கையானவர் என்பதற்கான சான்று அவர் ஊரிலேயே, சிக்கன கடனுதவுச் சங்கத்தின் பேரேட்டில், கூட்டுறவுக் கிராமிய வங்கியின் கணக்கில், பல வருடங்களாக இருக்கிறது. வைப்பில் போட 50,000 ரூபாய்கூட இல்லாதவருக்கு இந்தக் கட்டுரை சொல்லும் வழியும் மூடித்தான் இருக்கிறது. அவருக்கு இருக்கும் ஒரே நற்சான்று அந்தப் பேரேடுதான்.

கோப்பு ஒருவர் தவறியதை மட்டும் எழுதிவைத்து, கட்டியதை எழுதாமல் விட்டால் அது அரைக் கோப்பு. வடமாகாணத்தின் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் கணக்குகளைக் கணினிக்கு ஏற்றி, உறுப்பினர் சம்மதத்தோடு நல்ல தவணைகளைப் பணியகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மத்திய வங்கியும் கூட்டுறவுத் திணைக்களமும் அதற்கு வழி திறக்கவேண்டும். அதுவரை ஆஸ்பத்திரி வீதிக் கிளைகளில் இருக்கும் கடன் அதிகாரிகள், விண்ணப்பக்காரர் கொண்டுவரும் சங்கப் புத்தகத்தையும் ஒரு தரம் திறந்து பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.